கப் இழுக்க எந்தத் தகடு? எச்ஆர், சிஆர்சிஏ, ஐஎஃப்: ஒரு பிரஸ் ஷாப் கணக்கு

தட்டையான தகட்டை டைக்குள் அழுத்திக் கிண்ணமாக்குவதைத்தான் கப் இழுப்பது என்கிறோம். அதற்கு 1.6 மி.மீ. தகடு வேண்டும் என்று ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டால் நான்கைந்து பதில் வரும். சூட்டில் உருட்டிய கருப்பு எச்ஆர் இருக்கிறது. அதையே ஆசிட்டில் கழுவி எண்ணெய் தடவிய எச்ஆர்பிஓ இருக்கிறது. குளிரில் உருட்டிப் பிறகு சுட்ட சிஆர்சிஏவில் இழுப்புக்கு ‘டி’ இருக்கிறது, மிக ஆழமான இழுப்புக்கு ‘இடிடி’யும் இருக்கிறது. கார்பனை ஏறக்குறைய முழுதும் எடுத்துவிட்ட ஐஎஃப் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் இத்தனை டன் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலை ஒரு படி ஏறும். மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தால், ஐஎஃப் தவிர மற்றவற்றின் ரசாயனக் கலவையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. பெரும்பாலும் கார்பன் 0.1 சதவீதத்துக்குக் கீழே, கொஞ்சம் மாங்கனீஸ், கொஞ்சம் அலுமினியம். அவ்வளவுதான். அப்படியானால் கூடுதல் காசு எதற்குப் போகிறது?

உருட்டியதற்கும் சுட்டதற்கும் போகிறது. ஒரே உருக்கை எந்தச் சூட்டில் உருட்டினார்கள், பிறகு எவ்வளவு நேரம் எப்படிச் சூடாக்கினார்கள் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் கிரெயின்கள் எனும் நுண்படிகங்களின் வடிவமும் அளவும் அவை திரும்பியிருக்கும் திசையும் மாறுகின்றன. நம் டையில் தகடு கிழிகிறதா இறங்குகிறதா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றும்தான். கிரேடு பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர் பாதி வேலைகளில் தேவைக்கு மேல் காசு கொடுக்கிறார், மீதி வேலைகளில் தேவையானதை வாங்காமல் ஸ்கிராப்பில் காசு விடுகிறார் என்பது என் கணிப்பு.

கையாலேயே பார்த்துவிடக்கூடிய ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். கம்பி கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கட்டுக்கம்பி அனீலிங் செய்த, அதாவது சுட்டு மென்மையாக்கிய, இரும்பு. விரலால் முறுக்கலாம். ஒரே இடத்தில் நாலு தரம் வளைத்து நிமிர்த்தினால் அந்த இடம் மட்டும் விறைத்துவிடும். அடுத்த வளைவு பக்கத்தில்தான் விழும். இன்னும் சில தரம் செய்தால் ஒடியும். படிகத்துக்குள் அணு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதற்கு உதவும் பிறழ்வுக் கோடுகள், அதாவது டிஸ்லொகேஷன்கள், பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் அந்த விறைப்பு. நன்றாக அனீல் செய்த இரும்பில் ஒரு சதுர மீட்டருக்கு 10¹⁰ முதல் 10¹² வரை இருக்கும் இந்தக் கோடுகள், கடுமையாகக் குளிர் உருட்டல் செய்த தகட்டில் 10¹⁵ஐத் தாண்டும். அந்தக் கம்பியை அடுப்பில் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி இளகிவிடும். சிக்கிய கிரெயின்களின் இடத்தில் சிக்கலில்லாத புதுக் கிரெயின்கள் முளைத்திருக்கும். இதற்கு மறுபடிகமாதல் என்று பெயர். தகட்டுக் கடையில் விற்பது எல்லாமே இந்தக் கதையின் வெவ்வேறு கட்டங்கள்.

எச்ஆர்: மலிவு என்பதாலேயே ஒதுக்கப்படுவது

சூட்டு உருட்டலில் 200 மி.மீ.க்கு மேல் கனமான ஸ்லாபை 1,200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அடுத்தடுத்த ரோல்களில் நசுக்குகிறார்கள். அந்தச் சூட்டில் இரும்பு ஆஸ்டினைட் என்ற படிக நிலையில் இருக்கும். நசுங்கிய கிரெயின்கள் அடுத்த ரோலுக்குப் போவதற்குள்ளேயே பெரும்பாலும் மறுபடிகமாகிவிடும். அதனால் விறைப்பு தங்காது. கடைசி ரோலை விட்டு 850, 900 டிகிரியில் வெளியே வந்து, தண்ணீர்ப் பொழிவில் ஆறும்போது ஆஸ்டினைட், சாதாரணச் சூட்டில் நிற்கும் மென்மையான ஃபெர்ரைட்டாகவும், ஓரங்களில் கொஞ்சம், ஃபெர்ரைட்டும் சிமெண்டைட் என்ற இரும்புக் கார்பைடும் அடுக்கடுக்காக உள்ள பெர்லைட்டாகவும் மாறும். பிறகு 550 முதல் 700 டிகிரிக்குள் ஏதோ ஒரு சூட்டில் காயிலாகச் சுருட்டுவார்கள். இந்தச் சுருட்டும் சூடு ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

விளைவாகக் கிடைப்பது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள உருண்டைக் கிரெயின்கள். நல்ல எச்ஆரில் அவை 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். நீட்சியும் குறைவில்லை. ஆனால் கிரெயின்கள் எந்தத் திசையையும் குறிப்பாக நோக்கித் திரும்பியிருக்காது. ஆழமாக இழுக்கும் வேலையில் இதுதான் குறை. தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இழுத்தால் அகலத்தில் எவ்வளவு ஒடுங்குகிறது, கனத்தில் எவ்வளவு மெலிகிறது என்ற விகிதத்தை ஆர் மதிப்பு என்பார்கள். எச்ஆருக்கு இது 0.8 முதல் 1.0 வரைதான் வரும். அதாவது இழுத்தால் மெலிவதற்கு அது தயங்காது. கப்பின் சுவர் அடியில் மெலிந்தால் அங்கே கிழியும்.

அதற்காக எச்ஆரில் கப் இழுக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டரின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஆழமாக இழுத்த கிண்ணங்கள்தான். அவற்றுக்கான தகடு ஐஎஸ் 6240 என்ற தரத்தில் வரும் சூட்டு உருட்டல் தகடு. கனம் போதுமானதாக இருந்து, இழுக்கும் விகிதம் மிதமாக இருந்து, மேற்பரப்புக்கு எப்படியும் பெயின்ட் உண்டு என்றால் எச்ஆர் தாராளமாகப் போதும். கனம் 1.6க்கு மேல், வேலை வெறும் வளைப்பு அல்லது ஆழமில்லாத இழுப்பு என்றால் நான் முதலில் எச்ஆர்பிஓ விலைதான் கேட்பேன். பழக்கதோஷத்தில் 2 மி.மீ. பிராக்கெட்டுக்கெல்லாம் சிஆர்சிஏ வாங்கும் ஷாப்புகள் நிறைய இருக்கின்றன. கருப்பு எச்ஆரை நேரே டையில் விடுவது மட்டும் வேண்டாம். அதன் மேலிருக்கும் ஸ்கேல் என்ற ஆக்சைடுப் படலம் உப்புத்தாள்போல டையைத் தேய்த்துவிடும். மிச்சப்படுத்திய காசு டை பாலிஷுக்குப் போகும்.

வளைப்பு வேலையில் கவனிக்க வேண்டியது திசை. உருக்கில் இருக்கும் மாங்கனீஸ் சல்ஃபைடு துணுக்குகள் சூட்டு உருட்டலில் இழுபட்டு நூல்போல நீண்டுவிடும். வளைவுக் கோடு உருட்டிய திசைக்கு இணையாக விழுந்தால் அந்த நூல்கள் வழியே வெளிப்பக்கம் விரிசல் விடும். பிளாங்க் எனப்படும் வெட்டுத் துண்டுகளின் லேஅவுட் போடும்போது வளைவுக் கோட்டைக் குறுக்கே வைத்தால், இல்லையென்றால் 45 டிகிரியாவது சாய்த்தால், அதே காயில் ஒழுங்காக வளையும். லேஅவுட்டில் இரண்டு சதவீதம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பிளாங்கைத் திருப்பிப் போட்டுவிட்டு சப்ளையரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஃபுல் ஹார்டு: சுடாமல் விட்டது

4 மி.மீ. எச்ஆரை ஆசிட்டில் கழுவிக் குளிரிலேயே 1.2 மி.மீ.க்கு உருட்டினால் 70 சதவீதக் குறைப்பு. உருண்டையாக இருந்த ஃபெர்ரைட் கிரெயின்கள் நசுங்கி நீண்டு நார்நாராகிவிடும். பெர்லைட்டில் இருந்த சிமெண்டைட் உடைந்து உருட்டிய திசையில் வரிசை கட்டி நிற்கும். யீல்டு, அதாவது தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, எச்ஆரில் 250 எம்பிஏ (மெகாபாஸ்கல்) அளவில் இருந்தது 550, 600ஐத் தாண்டும். நீட்சி ஓரிரு சதவீதத்துக்கு இறங்கும். இந்த நிலையில் அனீலிங் இல்லாமல் வருவதுதான் ஃபுல் ஹார்டு.

இதில் கப் இழுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வாஷர், ஷிம், பேக்கிங் பட்டை என்று தட்டையாக வெட்டும் வேலைக்குப் பொருந்தும். கூரை ஷீட் விளம்பரங்களில் ‘550 எம்பிஏ’ என்று பெருமையாகப் போடுகிறார்களே, அந்த வலிமையின் பெரும்பகுதி இந்தக் குளிர் உருட்டல் விறைப்புதான். மறுபடிகமாகும் அளவுக்குச் சூடாக்காமல், உள் தகைவு கொஞ்சம் தளரும் வரை மட்டும் சுட்டு, மேலே பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். ரோல் ஃபார்மிங்குக்கு அது போதும்.

சிஆர்சிஏ: மணியடுப்பா, ஓட்ட அடுப்பா

சிஆர்சிஏ என்று ஒரே பெயரில் விற்பது உண்மையில் இரண்டு சரக்கு. ஷாப்பில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. இழுக்கும் வேலையில் மிகப் பெரிய வித்தியாசமே இங்கேதான்.

முதல் வகை பேட்ச் அனீலிங். மூன்று நான்கு காயில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மணிபோன்ற மூடியால் மூடி, உள்ளே ஹைட்ரஜனோ நைட்ரஜன்-ஹைட்ரஜன் கலவையோ ஓடவிட்டு, 700 டிகிரி அளவுக்கு மெதுவாகச் சூடாக்குவார்கள். ஏற்றி, நிறுத்தி, ஆற்றி இறக்க இரண்டு மூன்று நாளாகிவிடும். இரண்டாவது வகை கன்டினியுவஸ் அனீலிங். காயிலைப் பிரித்து ஒற்றைத் தகடாக நீண்ட அடுப்பு வழியே ஓட்டுவார்கள். ஓரிரு நிமிடத்தில் 700 முதல் 850 டிகிரி வரை ஏறும். பிறகு வேகமாக ஆற்றி, 400 டிகிரி பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தி எடுப்பார்கள். மொத்தமே பத்து நிமிடம் பிடிக்கலாம். 1970களில் ஜப்பானிய ஆலைகள் இதைத் தகட்டு உற்பத்தியில் பெரிய அளவுக்குக் கொண்டுவந்தன.

மெதுவாகச் சுட்டால் என்ன கிடைக்கிறது? இங்கேதான் நான் முன்னால் சொன்ன சுருட்டும் சூடு வருகிறது. பேட்ச் அடுப்புக்குப் போகவிருக்கும் எச்ஆரை 600 டிகிரிக்குக் கீழே சுருட்டுவார்கள். அந்தச் சூட்டில் உருக்கில் கரைந்திருக்கும் அலுமினியமும் நைட்ரஜனும் சேர நேரம் கிடைக்காது, கரைந்தபடியே நின்றுவிடும். பிறகு குளிர் உருட்டல். பிறகு பேட்ச் அடுப்பில் மணிக்குச் சில பத்து டிகிரி என்று ஏறும்போது, புதுக் கிரெயின்கள் முளைக்கப்போகும் நேரத்தில் இந்த இரண்டும் சேர்ந்து அலுமினியம் நைட்ரைடு பொடியாக, நசுங்கிய கிரெயின்களின் எல்லைகளை ஒட்டிப் படியும். உருட்டிய முகத்துக்கு இணையான வரிசைகளில் அது வேலிபோல நிற்பதால், புதுக் கிரெயின்கள் கனத்தின் திசையில் வளர முடியாமல் பக்கவாட்டில் மட்டும் வளரும். ஆகவே தட்டையாக நீண்ட கிரெயின்கள். இன்னொன்றும் நடக்கிறது. இரும்பின் படிகம் ஒரு கனசதுரம். அந்தக் கனசதுரம் மூலையில் நின்றாற்போல, அதன் மூலைவிட்டம் தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும் கிரெயின்களே அதிகமாகப் பிழைத்து வளரும். இப்படி நிற்கும் கிரெயின்கள் கனத்தில் மெலிய மறுக்கும், அகலத்தில் ஒடுங்க ஒத்துக்கொள்ளும். கப் இழுக்கிறவருக்கு வேண்டியது அதுதானே. ஆர் மதிப்பு 1.5, 1.8 வரை ஏறும். யீல்டு 160 முதல் 200 எம்பிஏ என்ற மென்மையில் நிற்கும்.

ஓட்ட அடுப்பில் இந்த வித்தைக்கு நேரமில்லை. அதனால் அந்த வழிக்குப் போகும் எச்ஆரை 700 டிகிரியை ஒட்டிச் சூடாகவே சுருட்டி, அலுமினியம் நைட்ரைடையும் கார்பைடையும் அங்கேயே பெரிதாகத் திரள விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அவை அடுப்பில் குறுக்கே நிற்கும். கிடைப்பது சிறிய, உருண்டையான கிரெயின்கள். ஆர் மதிப்பு 1.2 முதல் 1.5 வரை, யீல்டு கொஞ்சம் தூக்கல். சிறிய கிரெயின் என்றால் வலிமை கூடும் என்பதை ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் தனித்தனியே காட்டினார்கள். கிரெயின் விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் யீல்டு ஏறும். மென் உருக்குக்கு வழக்கமாக எடுக்கும் எண்ணைப் போட்டால் 25 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானுக்கு வரும்போது சுமார் 70 எம்பிஏ கூடுகிறது. 180ஐ எதிர்பார்த்து டை செய்தவருக்கு இது சின்ன விஷயமில்லை. அடித்த பாகம் டையை விட்டதும் விரிந்து திரும்பும் அளவான ஸ்பிரிங் பேக்கே மாறிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். சின்ன வில்லையை உருட்டிய திசையில் குறுக்குவெட்டாக வெட்டி, ரெசினில் பதித்து, கண்ணாடிபோல் பாலிஷ் செய்து, ஆல்கஹாலில் இரண்டு சதவீத நைட்ரிக் ஆசிட் கலந்த நைட்டாலைச் சில விநாடி தடவிக் கழுவினால் போதும். நூறு மடங்கிலேயே பேட்ச் தகட்டின் கிரெயின்கள் படுத்த வாக்கில் நீண்டு தெரியும். ஓட்ட அடுப்புத் தகட்டில் தேன்கூடு அறைகளைப்போல வெள்ளை வெள்ளையாக ஒரே அளவில் இருக்கும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உலோக ஆய்வுக்கூடங்களில் கொடுத்தால் படத்தோடு எழுதித் தருவார்கள். கட்டணத்தை ஒரு நாள் ஸ்கிராப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேட்சே எப்போதும் மேல் என்றும் சொல்லிவிட முடியாது. பல டன் எடையுள்ள காயிலின் வெளிச்சுற்று முதலில் சூடாகும், நடுச்சுற்று கடைசியில்தான் அந்தச் சூட்டைத் தொடும். அதனால் ஒரே காயிலின் வெளிச்சுற்றில் கிரெயின் பெரிதாகவும் நடுவில் சிறிதாகவும் இருக்கலாம். காயிலின் முதல் நூறு மீட்டருக்குச் சரியாக வைத்த டை நடுவில் சுருக்கம் விடுவதற்கு இது ஒரு காரணம். ஓட்ட அடுப்புத் தகட்டில் தலையிலிருந்து வால் வரை குணம் மாறாது. மணிக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும் புரோகிரஸிவ் டையில், ஆழம் அதிகமில்லாமல் அளவு துல்லியம் மட்டும் வேண்டும் என்றால் நான் ஓட்ட அடுப்புத் தகட்டைத்தான் எடுப்பேன்.

ஐஎஃப்: கார்பனையே எடுத்துவிட்டால்

ஐஎஃப் உருக்கில் கார்பனை வெற்றிட முறையில் 0.005 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, மிச்சமிருக்கும் கார்பனையும் நைட்ரஜனையும் டைட்டேனியமோ நியோபியமோ கட்டிப்போட்டுவிடும். ஓட்ட அடுப்பிலேயே ஆர் மதிப்பு 1.8, 2.0 என்று போகும். குளிர் உருட்டல் தகட்டுக்கான ஐஎஸ் 513 தரத்தில் சிஆர்5 என்பது இந்த வகை. பழைய ‘இடிடி’ சிஆர்4 ஆனது. காரின் உள் பேனல், எண்ணெய்த் தொட்டி போன்ற சிக்கலான வடிவங்களுக்கு இதற்கு மாற்று கிடையாது. ஆனால் வலிமை குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. மிக ஆழமாக இழுத்த ஐஎஃப் கப், குளிரில் அடிபட்டால் சுவர் வழியே கண்ணாடிபோல் பிளக்கும் குறையும் உண்டு. கிரெயின் எல்லைகளைப் பிடித்து வைத்திருந்த கார்பனும் இல்லாமல் போவதே காரணம். சில பிபிஎம் போரான் சேர்த்து அதைச் சரிசெய்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையென்றால் போரான் உண்டா என்று ஆலையிடம் கேட்டுவிட வேண்டும்.

ஒரு கப்பை வைத்துப் பார்ப்போம்

60 மி.மீ. விட்டம், 45 மி.மீ. உயரம், அடி மூடிய கப். மூலை வளைவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பிளாங்க் விட்டம் = விட்டத்தின் வர்க்கம் 3,600, அதனுடன் நான்கு மடங்கு விட்டம் பெருக்கல் உயரம் 10,800, மொத்தம் 14,400, வர்க்கமூலம் 120 மி.மீ. இழுப்பு விகிதம் 120/60, சரியாக 2.

முதல் இழுப்பில் 2 என்பது விளிம்பு. ஆர் மதிப்பு 0.9 உள்ள எச்ஆரில் இன்று இறங்கும், எண்ணெய் கொஞ்சம் குறைந்தால் நாளைக்குக் கிழியும். 1.3 உள்ள ஓட்ட அடுப்புத் தகட்டில் டை ரேடியஸும் பிளாங்க் ஹோல்டர் அழுத்தமும் ஒழுங்காக இருந்தால் ஓடும். 1.6 உள்ள பேட்ச் இடிடியில் ஆபரேட்டர் நிம்மதியாக இருப்பார். ஐஎஃப் இதற்குத் தேவையில்லை. உயரம் 60 என்று வாடிக்கையாளர் மாற்றினால் பிளாங்க் 134, விகிதம் 2.2. இப்போது பேச்சே வேறு. ஐஎஃபில் ஒரே இழுப்பில் துணிந்து பார்க்கலாம். அல்லது இடிடியில் இரண்டு இழுப்பாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது டையின் செலவையும் கூடுதல் ஸ்ட்ரோக்கையும் ஒரு பக்கம், ஐஎஃப் விலை வித்தியாசத்தை மறுபக்கம் வைத்தால் எண்ணிக்கைதான் தீர்ப்புச் சொல்லும். சில ஆயிரம் கப்புக்கு ஐஎஃப். வருடம் முழுக்க லட்சக்கணக்கில் ஓடும் என்றால் இரண்டு டை.

சர்டிபிகேட்டில் எரிக்சன் எண் மட்டும் இருந்தால் அதை நம்பிக் கப் வேலையை முடிவு செய்ய வேண்டாம். 20 மி.மீ. உருண்டை முனையைத் தகட்டில் அழுத்தி எவ்வளவு ஆழத்தில் கிழிகிறது என்று பார்க்கும் சோதனை அது. தகடு நீட்சி தாங்குமா என்பதைச் சொல்லும். விளிம்பிலிருந்து பொருள் உள்ளே வழுக்கி வரும் கப் இழுப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆர் மதிப்பைக் கேளுங்கள். மூன்று திசையிலும் கேளுங்கள்: உருட்டிய திசை, 45 டிகிரி, குறுக்கே. அவற்றுக்குள் வித்தியாசம் அதிகமிருந்தால் கப்பின் விளிம்பில் நான்கு காதுகள் எழும்பும். அதை வெட்டியெறிய டிரிம்மிங் அலவன்ஸ் கூட்ட வேண்டிவரும்.

‘விலை குறைந்த தகட்டை வாங்கி நாமே சுட்டுக்கொள்ளலாமே’

இந்த யோசனை எல்லா ஷாப்பிலும் ஒரு தரமாவது எழும். முதல் இழுப்பில் கப் விறைத்துவிட்டது. 690 டிகிரியில் பெட்டி அடுப்பில் சுட்டு எடுத்தால் மறுபடி மென்மையாகிவிடும், இரண்டாவது இழுப்பு சுகமாக ஓடும் என்று தோன்றும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

விகிதம் 2 உள்ள கப்பின் விளிம்பு சுற்றளவில் பாதியாக ஒடுங்கியிருக்கிறது. அது கடுமையான உருமாற்றம். அடித்தட்டின் நடுவிலோ ஏறக்குறைய எதுவுமே நடக்கவில்லை. விளிம்பிலிருந்து நடு வரை வரும்போது இடையில் எங்கோ 5 முதல் 15 சதவீதம் மட்டுமே உருமாறிய ஒரு வளையம் இருந்தே தீரும். பெரும்பாலும் அது அடி வளைவை ஒட்டி விழும். கடுமையாக நசுங்கிய இடத்தில் புதுக் கிரெயின்கள் ஆயிரக்கணக்கில் முளைப்பதால் ஒவ்வொன்றும் சிறிதாகவே நிற்கும். லேசாக நசுங்கிய இடத்தில் முளைகள் மிகச் சில. பந்தியில் ஆள் குறைந்தால் இலைக்கு இலை நிறைய விழுவதுபோல, அந்தச் சில கிரெயின்களே மொத்த இடத்தையும் தின்று பெருக்கும். கார்பன் குறைவான உருக்கில் இது இன்னும் மோசம். தடுத்து நிறுத்தப் பெர்லைட்டே இல்லை. அடுத்த இழுப்பில் அந்த வளையம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். அதிர்ஷ்டமில்லையென்றால் அங்கேயே கிழியும். பார்க்கிறவர் டை ரேடியஸைக் குற்றம் சொல்லி அதைத் தேய்க்க ஆரம்பிப்பார்.

தப்பிக்க வழி இருக்கிறது. 900 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் நார்மலைசிங் செய்தால் எல்லாமே ஆஸ்டினைட்டாகி, ஆறும்போது புதிதாகச் சிறிய கிரெயின்களாக மாறிவிடும். பழைய கணக்கு அழிந்துவிடும். ஆனால் காற்றில் அந்தச் சூட்டில் ஸ்கேல் பிடிக்கும், மெல்லிய கப் கோணும், பிறகு ஆசிட்டில் கழுவி பிக்ளிங் செய்ய வேண்டும். காப்பு வாயு அடுப்பு உள்ளவரிடம் கொடுத்தால் செலவு ஏறும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தால் முதலிலேயே நல்ல தகடு வாங்கி, இடையில் சுடாமல் இரண்டு இழுப்பில் முடிப்பது பெரும்பாலும் மலிவாக வரும். நடுவில் சுட்டே ஆக வேண்டிய வேலைகள் உண்டு. மூன்று நான்கு இழுப்புத் தேவைப்படும் நீளக் குழாய்கள் அப்படி. மற்றதற்கெல்லாம் அடுப்பை ஒரு சிக்கனமாக நினைப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே குறையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய லாமினேஷன்களுக்கு வரும் செமி புராசஸ்டு தகட்டை ஆலையிலேயே வேண்டுமென்று சில சதவீதம் குளிரில் உருட்டி, சுடாமல் அனுப்புவார்கள். ஸ்டாம்பிங் அடித்தவர் 750, 800 டிகிரி பக்கம் சுடும்போது கிரெயின்கள் அபாரமாகப் பெருக்கும். கிரெயின் எல்லை குறையக் குறையக் காந்தப்புலம் திரும்புவது எளிதாகி, மோட்டாரின் இரும்பில் மின்சாரம் சூடாக வீணாகும் ‘இரும்பு இழப்பு’ குறையும். கோவையில் பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிறவர்களிடம் கேட்டால் பெரிய கிரெயினைப் புகழ்ந்துதான் பேசுவார்கள்.

வெளியே தெரியும் பேனல் என்றால்

ஆழம் இல்லை, ஆனால் பெயின்ட் அடித்து முன்னால் நிற்கப்போகும் கதவு, கவர் போன்ற வேலைகளில் ஆர் மதிப்பைவிடப் பயமுறுத்துவது நெருப்பு நாக்குபோல் படரும் வரிகள். லூடர்ஸ் பட்டைகள் என்பார்கள். அனீல் செய்த தகட்டில் கரைந்திருக்கும் கார்பனும் நைட்ரஜனும் பிறழ்வுக் கோடுகளைச் சுற்றிக்கொண்டு பூட்டிவிடும். யீல்டு வந்ததும் பூட்டு ஒரே இடத்தில் உடைந்து, அந்த இடம் மட்டும் திடீரென்று இளகிப் பட்டையாக இறங்கும். பக்கத்து இடம் அப்படியே நிற்கும். கையால் தடவினால் தெரியாது. பேனலின் மேல் எண்ணெய்க் கல்லை லேசாக ஓட்டினால் மேடு பளபளக்கும், பள்ளம் மங்கலாக நிற்கும். பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் யாருக்கும் தெரியும்.

ஆலையில் அனீலிங் முடிந்ததும் 0.5 முதல் 1.5 சதவீதம் ஸ்கின் பாஸ் என்ற லேசான குளிர் உருட்டல் கொடுப்பது இந்தப் பூட்டை முன்கூட்டியே உடைக்கத்தான். ஆனால் கரைந்த கார்பன் மிச்சமிருந்தால் அது மெதுவாக நகர்ந்து மறுபடி பூட்டும். அலுமினியத்தால் நைட்ரஜனைக் கட்டி, மெதுவாக ஆறிய பேட்ச் தகட்டில் இந்தக் கவலை குறைவு. ஐஎஃபில் நகர எதுவுமே இல்லை. ஓட்ட அடுப்புத் தகட்டில் 400 டிகிரியில் நிறுத்தியது அதற்காகவே என்றாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நம் ஊரின் சூடு இதற்கு உதவி செய்கிறது. கார்பன் நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டால், 20 டிகிரி குடோனைவிட 35 டிகிரி குடோனில் தகடு நான்கைந்து மடங்கு வேகமாகப் பழசாகிறது. குளிர்நாட்டுப் புத்தகத்தில் ஆறு மாதம் வரை வரி விழாது என்று போட்டிருப்பதை மே மாதத்துத் தகரக் கூரைக்கு அடியில் அப்படியே நம்ப முடியாது.

ஆகவே பேனல் வேலைக்குத் தகடு வாங்கும்போது கிரேடோடு இரண்டு தேதிகளைக் கேட்க வேண்டும்: ஸ்கின் பாஸ் ஆன தேதி, நம் டைக்குள் போகப்போகும் தேதி. ஸ்டாக்கிஸ்ட் குடோனில் ஏற்கனவே நான்கு மாதம் கிடந்த ஓட்ட அடுப்புக் காயில் சல்லிசாக வந்தால், அதை உள்ளே மறையும் பாகத்துக்கு எடுத்துக்கொண்டு, முகப்புக்குப் பேட்ச் தகடோ ஐஎஃபோ வாங்கலாம். வேறு வழியில்லாமல் பழைய காயிலையே முகப்புக்கு ஓட்ட வேண்டியிருந்தால், பிளாங்குகளை, மேலும் கீழும் வளைத்து நிமிர்த்தும் ரோலர் லெவலரை அழுத்தமாக அமைத்து அதில் ஒரு தரம் விட்டு எடுத்து, அன்றைக்கே பிரஸ்ஸில் அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு என்று அடுக்கி வைத்தால் லெவலர் உடைத்த பூட்டு மெல்ல மெல்ல மறுபடி விழ ஆரம்பித்துவிடும்.